சிறு நகரத்தின் மையப் பகுதி மறுகட்டமைப்பு: சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அணை, சுரங்கம், அனல்மின் நிலையம் போன்றவற்றுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவை என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் ஒரு சிறு நகரத்தின் மையத்தில் பாழடைந்த கடைவரிசைகளை இடித்துவிட்டு, கீழே கடைகளும் மேலே வீடுகளும் கொண்ட நான்கைந்து மாடிக் கட்டடங்களை எழுப்பி, தெருக்களைச் சீரமைப்பதென்றால், அழிவதற்குக் காடும் இல்லை, ஆறும் இல்லை, எதை மதிப்பிடப் போகிறீர்கள் என்ற கேள்வி உடனே எழும். விடை அந்த இடத்தின் தன்மையிலேயே இருக்கிறது. நகர மையத்தின் மண் பல தலைமுறைகளாகப் பல தொழில்களுக்குப் பயன்பட்ட மண். அதன் அடியில் செல்லும் குழாய்கள் அன்றைய சிறிய மக்கள்தொகைக்காகப் போடப்பட்டவை. வேலை நடக்கும் இடத்திலிருந்து சில மீட்டர் தொலைவிலேயே மக்கள் உறங்குகிறார்கள், படிக்கிறார்கள், வியாபாரம் செய்கிறார்கள்.

இத்தகைய மதிப்பீட்டை முதன்முறையாகச் செய்யவிருக்கும் நகராட்சி அலுவலருக்கும், ஆலோசனை நிறுவனத்தின் இளநிலைப் பொறியாளருக்கும், வெளியிடப்பட்ட அறிக்கையைப் படித்துக் கருத்துச் சொல்ல விரும்பும் குடியிருப்பாளருக்கும் இக்கட்டுரை பயன்படும். சட்ட நடைமுறை நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் தொடங்கிய இந்த முறை, 1992ஆம் ஆண்டின் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் ஏற்கப்பட்ட ரியோ பிரகடனத்தில் 17ஆம் கொள்கையாக இடம்பெற்று, இன்று மிகப் பெரும்பாலான நாடுகளின் சட்டங்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. படிவங்களும் காலக்கெடுகளும் மாறினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை: இப்போது அங்கே என்ன இருக்கிறது, திட்டத்தால் என்ன மாறும், அந்த மாற்றம் யார்மீது எவ்வளவு விழும், அதைத் தவிர்க்கவோ குறைக்கவோ என்ன வழி. பலவீனமான அறிக்கைகள் பெரும்பாலும் இவற்றுள் முதல் கேள்வியிலேயே இடறுகின்றன; ஆகவே இங்கும் அதற்கே கூடுதல் இடம் தரப்படுகிறது.

முதல் படி: திட்டம் எது என்பதை முழுமையாக வரையறுத்தல்

திட்டம் என்பது எழுப்பப்படும் கட்டடம் மட்டுமன்று. பழையதை இடிப்பது, அடித்தளத்துக்காகத் தோண்டுவது, தோண்டிய மண்ணை லாரிகள் எந்தத் தெரு வழியாக எங்கே கொண்டு செல்லும் என்பது, கட்டுமானக் காலத்தில் வண்டிகள் எங்கே நிற்கும் என்பது, புதிதாகப் போட வேண்டிய கழிவுநீர்க் குழாய், மாற்ற வேண்டிய மின்மாற்றி ஆகிய அனைத்தும் திட்டத்தின் பகுதிகளே. ஒவ்வொரு கட்டத்துக்கும் கட்டடப் பரப்பு, மாடிகளின் எண்ணிக்கை, வீடுகளின் எண்ணிக்கை, அடித்தளத்தின் ஆழம், வாகன நிறுத்த இடங்கள், வேலை நடக்கும் மாதங்கள் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் எழுதிக்கொள்ளுங்கள். ஏதேனும் ஓர் எண் இன்னும் முடிவாகவில்லை என்றால், அனுமதிக்கப்படக்கூடிய உச்ச அளவை எடுத்துக்கொண்டு கணக்கிடுவதே பாதுகாப்பானது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு பழைய தந்திரம் உண்டு. குறிப்பிட்ட பரப்பளவுக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு மட்டுமே மதிப்பீடு கட்டாயம் எனச் சட்டம் சொல்லும் இடங்களில், ஒரே திட்டத்தை மூன்று நான்கு சிறு திட்டங்களாக உடைத்து, ஒவ்வொன்றும் வரம்புக்குக் கீழே இருப்பதாகக் காட்டிவிடுவார்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது என்ற நிலையில் உள்ள பகுதிகளை ஒரே திட்டமாகவே கருத வேண்டும். பத்தாண்டுகளில் கட்டம் கட்டமாக நடக்கப்போகும் மறுகட்டமைப்பு என்றால், முழுப் பகுதிக்கும் சேர்த்து முதலில் ஒரு பொது மதிப்பீடும், பின்னர் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதன் மேல் அமைந்த சுருக்கமான மதிப்பீடும் செய்வதே முறை.

இரண்டாம் படி: எவற்றை ஆழமாக ஆராய்வது என்று தீர்மானித்தல்

1971இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த லூனா லியோபோல்டும் அவருடைய உடன்பணியாளர்களும் ஓர் அணி அட்டவணையை வெளியிட்டார்கள். ஒரு பக்கம் 100 வகைச் செயல்கள், மறுபக்கம் 88 வகைச் சூழல் கூறுகள். ஆக 8,800 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தாக்கத்தின் அளவையும் அதன் முக்கியத்துவத்தையும் 1 முதல் 10 வரை மதிப்பிட வேண்டும். எதையும் மறந்துவிடவில்லை என்று சரிபார்க்க இத்தகைய அட்டவணை உதவும். ஆனால் அதன் எல்லாக் கட்டங்களையும் சம அக்கறையோடு நிரப்புவது காலவிரயம். அறிக்கை தடிமனாகுமே தவிரத் தெளிவாகாது.

சிறு நகர மையங்களில் பெரும்பாலும் கனமாக வந்து நிற்பவை மாசுபட்ட மண், மழைநீரும் கழிவுநீரும், கட்டுமானக் கால இரைச்சலும் அதிர்வும் தூசியும், போக்குவரத்து, பழைய கட்டடங்கள், இடம்பெயர நேரும் மனிதர்கள் ஆகியவை. கட்டடம் மட்டுமே நிறைந்த இடம் என்பதால் உயிரினங்களைப் பற்றி ஒன்றும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பழைய கூரைகளுக்குள் வௌவால்களும், சுவர் இடுக்குகளில் உழவாரன் குருவிகளும் தங்கும். முதிர்ந்த மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் குறிக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான இடங்களில் இதற்கு ஒரு நாள் கள ஆய்வும் இரண்டு பக்கங்களும் போதும்.

மூன்றாம் படி: இன்றைய நிலையை அளத்தல்

தாக்கம் என்பது இரண்டு நிலைகளுக்கு இடையிலான வேறுபாடு. ஒப்பிடும் அடிப்படை நிலை தவறாக இருந்தால், அதற்குப் பின் செய்யும் கணக்கு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் பயனில்லை. நகர மையங்களில் இது குறிப்பாகச் சிக்கலாவதற்குக் காரணம், அங்கே பல கட்டடங்கள் பாதி காலியாக இருப்பதுதான். எல்லாக் கடைகளும் நிரம்பியிருந்த பழைய காலத்தையோ, பழைய நகரத் திட்டம் அனுமதித்திருந்த உச்ச அளவையோ அடிப்படையாக எடுத்துக்கொண்டால், புதிய திட்டத்தால் போக்குவரத்து அவ்வளவாக அதிகரிக்காது என்று எளிதில் காட்டிவிடலாம். ஆனால் அங்கு வாழ்பவர் அனுபவிக்கப்போவது காகிதத்தில் இருந்த உரிமையிலிருந்து வரும் மாற்றத்தை அன்று. இன்றைய தெருவிலிருந்து வரும் மாற்றத்தை. எனவே இன்று உண்மையில் உள்ள நிலையையும், இத்திட்டம் வராவிட்டால் சில ஆண்டுகளில் இருக்கக்கூடிய நிலையையும் தனித்தனியே எழுதி, இரண்டோடும் ஒப்பிட வேண்டும்.

அளக்கும் காலமும் அளவைப் போலவே முக்கியம். வாகனக் கணக்கெடுப்பைப் பள்ளி விடுமுறையிலோ, சாலை வேலை நடக்கும் வாரத்திலோ எடுத்தால் குறைவான எண்ணிக்கையே வரும். இரைச்சலைப் பகலில் ஒரு மணிநேரம் அளந்து முடித்துவிடாமல், இரவுகளையும் வார இறுதியையும் உள்ளடக்கி ஒரு வாரமாவது தொடர்ந்து பதிவுசெய்ய வேண்டும். நிலத்தடி நீர்மட்டத்தை வறண்ட பருவத்திலும் மழைப் பருவத்துக்குப் பின்னும் அளக்க வேண்டும், ஏனெனில் அடித்தளம் தோண்டும்போது தொல்லை தரப்போவது மேலே ஏறி நிற்கும் மட்டம்தான்.

கருவி இல்லாமலேயே கிடைக்கும் தகவல்களும் உண்டு. அவை பலமுறை கருவி தருவதைவிட மதிப்புமிக்கவை. நகராட்சியின் புகார்ப் பதிவேட்டைப் பார்த்தால் எந்தத் தெருவில் சாக்கடை எத்தனை முறை பொங்கியது என்பது தெரிந்துவிடும். மூத்த கடைக்காரர்களிடம் கேட்டால், பெருமழையில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று கைநீட்டிக் காட்டுவார்கள். குழாய் வரைபடத்தில் இருக்கும் விட்டமும் நிலத்துக்கடியில் உண்மையில் இருக்கும் விட்டமும் பொருந்தாத இடங்களைப் பராமரிப்புப் பணியாளர்கள் அறிவார்கள். அத்தகைய ஒருவரோடு அரைநாள் நடந்துவிட்டு வந்து வரைபடத்தைத் திறந்தால், எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்பது தெளிவாகும்.

நான்காம் படி: நிலத்தின் கடந்த காலத்தைத் தோண்டுதல்

நகர மைய மதிப்பீட்டில் பொருட்செலவையும் உடல்நலத்தையும் ஒருசேரப் பாதிக்கக்கூடியது மண்ணில் மறைந்திருக்கும் மாசு. இன்று துணிக்கடையாக இருக்கும் இடம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பெட்ரோல் நிலையமாகவோ, வாகனப் பணிமனையாகவோ, உலர்சலவைக் கடையாகவோ, அச்சகமாகவோ, முலாம் பூசும் பட்டறையாகவோ இருந்திருக்கலாம். பழைய நில வரைபடங்கள், வான்வழிப் படங்கள், தொழில் உரிமப் பதிவுகள், தொலைபேசி விவரத் தொகுப்புகள், காப்பீட்டு நிறுவனங்கள் தீ அபாயத்தைக் கணிக்க வரைந்த தெரு வரைபடங்கள் ஆகியவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு மனைக்கும் ஒரு வரலாற்று அட்டை தயாரிக்க வேண்டும். துளையிடும் கருவிக்குச் செலவிடும் முன் செய்ய வேண்டிய வேலை இது. இதைச் செய்யாமல் மனையின் நான்கு மூலைகளில் மட்டும் மண் எடுத்துச் சோதித்தால், நடுவில் புதைந்திருக்கும் தொட்டி தப்பிவிடும்.

எந்தத் தொழில் எந்த மாசை விட்டுச்செல்லும் என்பதும் அது எங்கே போய்த் தங்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெட்ரோல் நீரைவிட இலேசானது. கசிந்தால் நிலத்தடி நீரின் மேற்பரப்பில் மிதக்கும், அதிலுள்ள பென்சீன் நீரில் கரைந்து பரவும். உலர்சலவையில் பயன்பட்ட டெட்ராகுளோரோஎத்திலீன் நீரைவிடக் கனமானது. அது நிலத்தடி நீரையும் ஊடுருவிக் கீழே இறங்கி, நீர்புகாத அடுக்கின்மேல் தேங்கிப் பல ஆண்டுகள் கரைந்துகொண்டே இருக்கும். இவை இரண்டும் ஆவியாகக்கூடியவை. அந்த ஆவி தரையின் விரிசல்கள் வழியாகக் கட்டடத்துக்குள் ஏறும் என்பதால், தரைத்தளத்தில் குழந்தைகள் காப்பகம் அமைக்கத் திட்டமிட்டிருந்தால் மண்ணின் மாதிரியோடு மண்ணிடைக் காற்றின் மாதிரியையும் எடுத்தே ஆக வேண்டும்.

இதோடு இணைந்த மற்றோர் ஆபத்து, அடித்தளம் தோண்டுவதற்காக நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றுவது. நீர்மட்டம் இறங்கும்போது பக்கத்து மனையில் அசையாமல் கிடந்த மாசு இந்தப் பக்கம் இழுக்கப்படும். மென்மையான களிமண் சுருங்கி அக்கம்பக்கக் கட்டடங்கள் அமிழும். மரத் தூண்களின்மேல் நிற்கும் மிகப் பழைய கட்டடங்கள் இருந்தால், இதுவரை நீரில் மூழ்கியிருந்ததால் கெடாமல் இருந்த அம்மரங்கள் காற்றுப்பட்டு உளுக்கத் தொடங்கும். மாசு அறிக்கையை ஒருவரும் நீர் இறைப்புக் கணக்கை மற்றொருவரும் எழுதி, இருவரும் சந்திக்காமலேயே அச்சுக்குப் போகும் வழக்கத்தால் இந்தத் தொடர்பு விட்டுப்போகிறது. இடிக்கப்படும் கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் கலந்த வண்ணப்பூச்சு ஆகியவை உள்ளனவா என்ற ஆய்வும் இடிப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: மழைநீரையும் கழிவுநீரையும் கணக்கிடுதல்

சிறிய பரப்புகளுக்கு வழிந்தோடும் நீரைக் கணக்கிட ஒரு எளிய சூத்திரம் போதும்: வழிந்தோடும் குணகத்தையும் (விழும் மழையில் நிலத்தில் இறங்காமல் ஓடிவிடும் பங்கு), மணிக்கு மில்லிமீட்டர் அளவிலான மழைச் செறிவையும், ஹெக்டேர் அளவிலான பரப்பையும் பெருக்கி 360ஆல் வகுத்தால், விநாடிக்குக் கன மீட்டர் அளவில் உச்ச ஓட்டம் கிடைக்கும். புல்வெளியும் மண்ணும் கலந்த 2 ஹெக்டேர் நிலத்தின் குணகம் 0.3 என்றும், மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை என்றும் கொண்டால் விநாடிக்கு 100 லிட்டர் வரும். அதே நிலம் கூரையும் தார்ச்சாலையுமாக மாறிக் குணகம் 0.9 ஆனால் 300 லிட்டர் ஆகும்.

நகர மையத்தில் நிலம் ஏற்கெனவே கான்கிரீட்டால் மூடப்பட்டிருக்கும் என்பதால், ‘அதிகரிப்பு எதுவும் இல்லை’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் வடிகால் இன்றே பொங்குகிறது என்றால், அதே அளவு நீரை இன்னும் பல பத்தாண்டுகளுக்கு அதே வடிகாலில் விட நாம் உறுதிகொடுக்கிறோம் என்பதையும் அறிக்கை சொல்ல வேண்டும். நீர் ஊடுருவும் தளக்கற்கள், மழைநீர்த் தேக்கத் தொட்டிகள் போன்றவற்றால் இன்றைய நிலையைவிட மேம்பட்ட நிலைக்குக் கொண்டுவர இதுவே நல்வாய்ப்பு. ஒரேயொரு எச்சரிக்கை: மாசு இருக்கும் மண்ணில் மழைநீரை ஊடுருவவிட்டால் அது மாசைக் கீழே தள்ளும். நான்காம் படியின் முடிவு வராமல் இந்தப் படியின் தீர்வை வரைய முடியாது.

கழிவுநீரில் பார்க்க வேண்டியது சுத்திகரிப்பு நிலையத்தின் மொத்தக் கொள்ளளவை மட்டுமன்று, மனைக்கும் நிலையத்துக்கும் இடையிலான மிகக் குறுகிய குழாயையும்தான். மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்லும் பழைய அமைப்பாக இருந்தால், பெருமழையில் இரண்டும் கலந்த நீர் நேரே நீர்நிலைக்குள் வழிந்தோடும் நாட்கள் எத்தனை கூடும் என்பதையே கேட்க வேண்டும்.

ஆறாம் படி: இரைச்சல், அதிர்வு, தூசி

டெசிபல் அளவுகள் சாதாரணக் கூட்டலுக்கு உட்படுவதில்லை. 60 டெசிபல் தரும் இரண்டு மூலங்கள் சேர்ந்தால் 63 டெசிபல்தான் வரும்; அதாவது சாலையில் வாகனங்கள் இருமடங்கானாலும் 3 டெசிபல் மட்டுமே கூடும். அதனால் பல அறிக்கைகளில் போக்குவரத்து இரைச்சல் பொருட்படுத்தத் தக்கதன்று என்ற முடிவு எளிதில் வந்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பியப் பகுதிக்காக வெளியிட்ட வழிகாட்டுதல்கள் சாலை இரைச்சலுக்கு நாள்முழுச் சராசரி 53 டெசிபல், இரவுச் சராசரி 45 டெசிபல் என்ற அளவுகளைப் பரிந்துரைக்கின்றன. இன்றைய நிலையே இவற்றைத் தாண்டியிருந்தால், கூடுவது சிறிதே என்ற வாதம் வலுவிழக்கிறது.

உண்மையான தொல்லை பெரும்பாலும் கட்டுமானக் காலத்தில்தான். ஆண்டுச் சராசரியில் காணாமற்போகும் தூண் அடிக்கும் ஓசை, பக்கத்து மருத்துவமனையில் படுத்திருப்பவருக்குச் சராசரியாக அன்று, ஒவ்வோர் அடியாகவே கேட்கும். எனவே உச்ச அளவையும், அது நீடிக்கும் நாட்களையும், நேரத்தையும் தனியே எழுத வேண்டும். அதிர்வுக்கு ஜெர்மனியின் டிஐஎன் 4150-3 தரநிலை பல நாடுகளில் எடுத்தாளப்படுகிறது. பாதுகாக்கத்தக்க பழைய கட்டடங்களுக்கு அது குறைந்த அதிர்வெண்ணில் அடித்தளத்தில் விநாடிக்கு 3 மில்லிமீட்டர் என்ற வேக அளவைத் தருகிறது. வேலை தொடங்கும் முன்பே அக்கம்பக்கக் கட்டடங்களின் விரிசல்களை உரிமையாளர் முன்னிலையில் படமெடுத்து, நாளும் ஒப்பமும் இட்டு வைத்துக்கொண்டால், பின்னால் எழும் வழக்குகள் குறையும்.

தூசியைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலின்படி 2.5 மைக்ரோமீட்டருக்குட்பட்ட நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமையும், 24 மணிநேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமையும் தாண்டக்கூடாது. குறுகிய தெருவின் இருபுறமும் கட்டடங்கள் உயரும்போது காற்றோட்டம் தடைப்பட்டு வாகனப் புகை கீழேயே சுழலும் என்பதைத் தெருவின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் ஒப்பிட்டாலே முன்கூட்டி உணரலாம்.

ஏழாம் படி: போக்குவரத்து, நிழல், வெப்பம், கரியமிலம்

சந்திப்பில் வண்டிகள் எத்தனை விநாடி காத்திருக்கின்றன என்பதை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால், தீர்வு எப்போதும் சாலையை அகலப்படுத்துவதாகவே முடியும். அது நடப்பவரையும் மிதிவண்டியில் செல்பவரையும் மேலும் ஒதுக்கும். மக்கள் மொத்தமாக எவ்வளவு தூரம் வாகனத்தில் பயணிக்க நேர்கிறது என்பதை அளவுகோலாக்கினால் படம் மாறிவிடும். கலிபோர்னியா மாநிலம் 2013இல் இயற்றிய ஒரு சட்டத்தின் வழியாக இந்த இரண்டாம் அளவுகோலுக்கு மாறியது. கடைக்கும் பேருந்துக்கும் நடந்தே செல்லக்கூடிய நகர மையத்தில் வீடுகள் அமைவது, ஊருக்கு வெளியே வயலில் அமைவதைவிட இந்தக் கணக்கில் பெரும்பாலும் சாதகமாகவே வரும். மதிப்பீடு நன்மைகளையும் அதே கறாரோடு பதிவுசெய்ய வேண்டும்.

நிழலை, சூரியன் மிகத் தாழ்வாகச் செல்லும் நாளுக்கும், பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளுக்கும் வரைந்து பார்த்தால் போதும். வெப்பத்துக்கு, இழக்கப்படும் மர நிழலின் பரப்பையும் புதிய கூரைகளின் நிறத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கரியமில உமிழ்வில் பலர் விட்டுவிடுவது, கட்டடம் இயங்கும்போது ஆகும் மின்சாரத்துக்கு முன்பே சிமெண்டிலும் எஃகிலும் செலவாகிவிட்ட பகுதி. உறுதியான பழைய கட்டடத்தை இடிக்காமல் புதுப்பிப்பதன் பலன் அங்கேதான் தெரியும்.

எட்டாம் படி: எது கணிசமானது என்று முடிவுசெய்தல்

ஒவ்வொரு தாக்கத்துக்கும் எந்த அளவைத் தாண்டினால் அதைக் கணிசமானது என்போம் என்பதைக் கணக்குப் போடுவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். விடை வந்தபின் வரம்பைத் தேடினால் வசதியான வரம்பே கிடைக்கும். அளவு, கால நீட்சி, மீளக்கூடியதா என்பது, யார்மீது விழுகிறது என்பது ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாடகைக்குக் கடை வைத்திருப்பவரும் மேல்மாடியில் குறைந்த வாடகையில் குடியிருப்பவரும் இடம்பெயர்வதைச் சில நாடுகளின் சட்டம் சுற்றுச்சூழல் தாக்கமாகக் கருதாது. அப்படியிருந்தாலும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையாவது அறிக்கையில் சேர்ப்பது நேர்மை.

திரள் விளைவையும் இங்கேயே பார்க்க வேண்டும். அனுமதி பெற்றுவிட்ட, விண்ணப்பத்தில் இருக்கும், திட்டமிடப்பட்டுள்ள மற்றப் பணிகளின் பட்டியலை நகராட்சியிடம் வாங்கி, அவையனைத்தும் ஒரே வடிகாலிலும் ஒரே சந்திப்பிலும் சேரும்போது என்னவாகும் என்று கணக்கிட வேண்டும். சிறு நகரத்தில் ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் தோண்டுவது, பெருநகரத்தில் முப்பது இடங்களில் தோண்டுவதைவிடக் கனமாக உணரப்படும்.

ஒன்பதாம் படி: மாற்றுகளும் தணிப்பும்

மாற்றுத் திட்டங்களை ஒப்பிடும் பகுதி, முடிவான திட்டத்துக்கு நியாயம் கற்பிக்க எழுதப்பட்டதா, உண்மையான தேடலா என்பது இரண்டு பக்கங்களிலேயே தெரிந்துவிடும். திட்டமே இல்லாத நிலை, குறைந்த உயரம், பழைய கட்டடங்களைத் தக்கவைத்துப் பின்புறம் மட்டும் கட்டுவது, நிலத்தடி வாகன நிறுத்தத்தைக் கைவிடுவது ஆகியவற்றையாவது ஒரே அளவுகோல்களால் ஒப்பிட வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் குறிப்பாகப் பாருங்கள். நிலத்தடி நிறுத்தம் இல்லையென்றால் ஆழமாகத் தோண்ட வேண்டாம், நீர் இறைக்க வேண்டாம், மாசு மண்ணை லாரியில் ஏற்ற வேண்டாம், அதிர்வும் குறையும். ஒரே முடிவு பல தாக்கங்களை ஒருங்கே நீக்கும் இத்தகைய இடங்களைக் கண்டுபிடிக்கவே மதிப்பீட்டை வரைபடம் உறுதியாவதற்கு முன் தொடங்க வேண்டியிருக்கிறது.

தணிப்பில் வரிசை உண்டு: முதலில் தவிர்ப்பது, இயலாவிட்டால் குறைப்பது, பின்பு சரிசெய்வது, கடைசியில்தான் ஈடுசெய்வது. ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற சொற்றொடரை எங்கே கண்டாலும் அடித்துவிட்டு, யார், எப்போது, எந்த அளவுக்கு, எவருடைய செலவில் என்று நிரப்புங்கள். நிரப்ப முடியவில்லை என்றால் அங்கே தணிப்பு எதுவும் இல்லை என்றே பொருள். அந்தத் தாக்கத்தைத் தணிக்கப்படாததாகவே பதிவுசெய்யுங்கள்.

பத்தாம் படி: கருத்துக்கேட்பும் கண்காணிப்பும்

வரைவு அறிக்கையோடு, தொழில்நுட்பச் சொற்கள் குறைந்த ஒரு பத்துப் பக்கச் சுருக்கத்தையும் வெளியிட வேண்டும். வந்த கருத்துகளுள் ஒவ்வொன்றுக்கும் அறிக்கையில் எந்தப் பக்கம் மாற்றப்பட்டது, மாற்றப்படவில்லை என்றால் ஏன் என்ற விடையை எழுதுங்கள். கூட்டத்தைக் கடைகள் திறந்திருக்கும் நேரத்தில் வைத்தால் அதிகம் பாதிக்கப்படும் கடைக்காரர்களே வர முடியாது.

அனுமதி கிடைத்த பின் தொடரும் கண்காணிப்பு, அனுமதியின் நிபந்தனையாகவே எழுதப்பட வேண்டும். அதிர்வு அளவி எந்தச் சுவரில் பொருத்தப்படும், அது எந்த எண்ணைக் காட்டினால் வேலையை நிறுத்த வேண்டும், நிறுத்தும் அதிகாரம் களத்தில் எவருக்கு உண்டு, அந்தப் பதிவுகளை எந்த அலுவலகத்தில் எவரும் பார்க்கலாம் என்ற நான்கையும் முதல் லாரி வருவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் சேர்த்துவிட வேண்டும். ஒப்பந்தக்காரர் வேலைக்கு வந்தபின் சேர்க்க முயன்றால், அது கூடுதல் பணியாகக் கருதப்பட்டுத் தனி விலை கேட்கப்படும்.